போர்டுக்காரர் சொன்னால் சரி

வலது மணிக்கட்டுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறார். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, ஸ்க்ரூடிரைவரை ஸ்க்ரூவின் தலையில் இறக்குகிறார். ஒரு முறை நழுவுகிறது. மறுபடியும் இறக்குகிறார். பிடித்துக்கொண்டதும் மூச்சை விட்டு நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்ததற்குப் போகிறார். ஒரு மதர்போர்டைப் பெட்டிக்குள் பொருத்த ஒன்பது ஸ்க்ரூ. ஒன்பதுக்கும் துண்டு இடம் மாறும். அந்தத் துண்டு என்னுடையது. அவருடைய அப்பாவின் குதிகால் புண்ணாகாமலிருக்க அடியில் கொடுப்பதற்காக நான் சுருட்டி வைத்தது. மூன்று நாளாகக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தேன்.

இவரை எல்லோரும் போர்டுக்காரர் என்றுதான் சொல்கிறார்கள். வயது நாற்பத்தாறு. கேம் விளையாடுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுப்பது தொழில். வீட்டின் முன்னறைதான் கடை: ஒரு நீள மேசை, ஒரு கண்ணாடி அலமாரி, காத்திருப்பவர்களுக்கு மூன்று நாற்காலி. உள்ளறையில் அவருடைய அப்பா. தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர். பன்னிரண்டு வருடமாக நடுக்குவாதம். காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வார்டிலும் வீடுகளிலுமாக முப்பத்தெட்டு வருடம் இதே வேலைதான். இரண்டு அறைக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைச்சீலை மட்டும். எட்டு மாதமாக எனக்கு ஒரு கண் உள்ளே, ஒரு கண் வெளியே.

மதர்போர்டு என்பது கம்ப்யூட்டரின் மற்ற எல்லா உறுப்புகளும் வந்து செருகிக்கொள்ளும் பலகை. அதைப் பற்றி இவர் சொல்வது ஒன்றுதான்: "போர்டுதான் வீடு. மத்ததெல்லாம் குடி வர்றவங்க. வீடு சரியில்லேன்னா யாரு வந்தாலும் சண்டைதான்." வருகிறவரை உட்காரவைத்து, வார்டில் புதிதாகச் சேர்ந்தவரைக் கேட்பதுபோலக் கேட்பார். எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்? பெட்டி தரையிலா மேசையிலா? ஜன்னல் எந்தப் பக்கம்? வீட்டில் பூனை உண்டா? பூனை உண்டு என்றால் காற்றாடிகளின் கணக்கே மாறிவிடும். உள்ளே முழுக்கக் கலர் விளக்கு எரிய வேண்டும் என்று கேட்ட ஒரு கல்லூரி ஆசிரியரிடம், "சார், இது கம்ப்யூட்டரா, சர்க்கஸ் கூடாரமா?" என்றார். விலை கூடிய போர்டைக் காட்டச் சொன்ன இன்னொருவரிடம், "வீட்டுல ரெண்டே பேரு. பதினாறு ரூம் எதுக்கு? தூசி தட்டவா?" என்று கேட்டு நடுத்தரமான ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். இதனால்தான் மற்ற சாமான்களை வேறு கடையில் வாங்குகிறவர்கள்கூட, போர்டை மட்டும் இவரிடம் கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

பழக்கங்கள் பல. புதுப் பெட்டியைத் திறந்ததும் போர்டை முகர்ந்து பார்ப்பார். "கருகல் வாசனை இருந்தா அப்பவே மூடிடணும்." கம்ப்யூட்டரின் மூளையான சிப் உட்காரும் இடத்தை மூடிவரும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில், யாருடையது என்று சீட்டு ஒட்டிச் சேர்த்து வைத்திருக்கிறார். மூடி இல்லாமல் அனுப்பினால் கம்பெனி போர்டைத் திரும்ப எடுக்காது. மேசை விளக்கின் நீளக் கழுத்தை யாரும் தொடக் கூடாது. அதன் அடிப்பாகத்தைச் சுற்றி மேசையில் நாடா ஒட்டி எல்லை போட்டிருக்கிறார். தூசி துடைக்கும்போது நான் ஒருமுறை இரண்டு விரற்கடை நகர்த்திவிட்டேன். "என்ன நர்சம்மா, என் கண்ணைப் பிடுங்கி வேற பக்கம் வச்சிட்டீங்களே" என்றார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

இப்போது சிரிப்பதில்லை. ஐந்தாறு மாதமாகச் சில விஷயங்கள் மாறிவந்தன. சாமான் பட்டியலைக் கையால் எழுதிக்கொடுத்தவர் அச்சடித்துக் கொடுக்கத் தொடங்கினார். கையெழுத்து போய் ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. பட்டன் வைத்த சட்டைகள் அலமாரியிலேயே தங்கிவிட்டன. தலைவழி மாட்டுகிற பனியன் சட்டைதான் தினமும். காப்பியைப் பாதிக் குவளைக்கு மேல் ஊற்றவிட மாட்டார். "முழுசா ஊத்தினா ஆறிடுதும்மா" என்பார். பாதி ஊற்றினால்தான் சீக்கிரம் ஆறும், அதையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவர் மனைவிக்கு மருந்துக் கிடங்கில் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பி இருட்டும்போது திரும்புகிறவருக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை.

இதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. அதற்கு இரண்டு வகைப் போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலைக்கு வந்த புதிதில் அவரே எனக்குக் காட்டியதுதான்.

பழைய வகையில் போர்டில் துளைகள் இருக்கும், சிப்பின் அடியில் கால்கள் இருக்கும். சின்ன நெம்புகோலைத் தூக்கிவிட்டுச் சிப்பை மேலே வைத்தால் தானாக உள்ளே விழுந்து உட்காரும். கால் ஒன்று வளைந்தாலும் பிளேடு நுனியால் நிமிர்த்திவிடலாம். புது வகையில் எல்லாம் தலைகீழ். சிப்பின் அடி வழவழவென்று இருக்கும். போர்டில்தான் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகள், தலைமுடியைவிட மெல்லியவை, ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். சிப்பை நேராகக் கீழே இறக்க வேண்டும். ஒரு மூலை முந்தினாலோ, கை அசைந்தாலோ ஊசிகள் நசுங்கும். நசுங்கினால் போர்டு குப்பைக்கு. "புதுசுல கை பேசக் கூடாதும்மா" என்றார் அன்றைக்கு.

பழைய வகை மோசமானதல்ல. ஆனால் அதற்கு இனிமேல் புதுச் சிப் வராது, வாங்கியதோடு சரி. புது வகையென்றால் நாலு வருடம் கழித்துச் சிப்பை மட்டும் மாற்றிக்கொண்டு, அதே பெட்டியை இன்னும் நாலு வருடம் ஓட்டலாம். அதனால், நீண்ட நாள் வைத்திருக்கப்போகிறவர்களுக்குப் புதுசுதான் என்று எல்லோரிடமும் இவரே சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து மாதமாக வருகிற அத்தனை பேருக்கும் பழைய வகை. ஒருவருக்குச் சூடு காரணம், இன்னொருவருக்கு மெமரி கிடைக்காதது காரணம், வேறொருவருக்கு "இன்னும் பதமாகலை." பூனையைப் பற்றிக் கேட்பதும் நின்றுவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை மதியம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கனத்த வேலைச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்தார். அவருடைய தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறானாம். கரையில் இருக்கும் நாட்களில் இரண்டு பேரும் சேர்ந்து கேம் ஆடுவார்களாம். பழைய லேப்டாப் மூச்சை விட்டுவிட்டது.

"பகல் முழுக்கக் கன்டெய்னர் தூக்குறீங்க. வீட்டுக்குப் போய் என்ன ஆடுவீங்க?" என்று கேட்டார் போர்டுக்காரர்.

"லாரி ஓட்டுற கேமுண்ணே."

"அடப்பாவமே, வேலையை வீட்டுக்கும் தூக்கிட்டுப் போறீங்களா?"

"நான் மேலேருந்து எறக்குற பெட்டியெல்லாம் எங்கதான் போகுதுன்னு ஒருநாளாவது ஓட்டிப் பாக்க வேணாமாண்ணே?"

அவர் சிரித்தார். வெகுநாள் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். அந்தப் பெண் போனை எடுத்து ஒரு பட்டியலைக் காட்டினார்.

"ஒரே ஒரு தடவைதாண்ணே வாங்குவேன். ஏழெட்டு வருஷம் இதுதான். அதான் புது டைப் போர்டுக்கே போயிடலாம்னு."

போர்டுக்காரரின் வலது கை மேசையிலிருந்து கீழே இறங்கியது.

"பழசே போதும்மா."

"ஏண்ணே?"

"சூடு. புதுசு அநியாயத்துக்குச் சூடாகுது."

"என் ரூமு ஏசிண்ணே."

"மெமரி கெடைக்க மாட்டேங்குது."

"நேத்து ரெண்டு கடையில இருக்குன்னாங்களே?"

"இருக்கும். நல்லது இருக்காது. அதுவும் இல்லாம, இன்னும் பதமாகலைம்மா."

"வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சேண்ணே. நாளைக்கு ஒரு புதுச் சிப் வந்தா பழசுல போட முடியாதுல்ல?"

"அதெல்லாம் போடணும்னு அவசியமே வராது" என்றார். குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு இடுக்கு வழியே மேசைக்கு அடியில் தெரிந்தது: மடிமேல் இடது கை, வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

பெரியவருக்கு நோயில் குரல் ஒடுங்கிப்போய்விட்டது. கை எட்டும் தூரத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். அவர் சொல்வதை நான்தான் திரைக்கு வெளியே சொல்வது வழக்கம். அவர் இப்போது முணுமுணுத்தார்: "புதுசுதான் நல்லதுன்னு போன வருஷம் இவனேதானே சொன்னான்? அஞ்சு மாசமா எல்லாருக்கும் ஒரே போர்டைத் தலையில கட்டுறான். என்ன சமாசாரம்னு கேளும்மா."

"அப்பா என்ன சொல்றாரு?" வெளியிலிருந்து சட்டென்று கேள்வி வந்தது. திரையைச் சற்று விலக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தார்.

"தண்ணி கேக்குறாரு" என்றேன்.

"நான் எப்பம்மா தண்ணி கேட்டேன்?" என்றார் பெரியவர். அது எனக்கு மட்டும்தான் கேட்டது. குடிக்கக் கொடுத்தேன். குடித்தார்.

அந்தப் பெண் போனைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சரிண்ணே. நீங்க சொன்னா சரி. எங்க ஷிஃப்ட்டுல மூணு பேரு உங்ககிட்ட வாங்கினவங்க. மத்ததை எங்க வேணா வாங்கு, போர்டை மட்டும் அவர்கிட்ட கேளுன்னுதான் அனுப்பினாங்க. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வர்றேன். எல்லாத்தையும் என் கண்ணு முன்னாலயே போடுங்க. எனக்குப் பாக்கணும்."

பட்டியல் இரண்டு பிரதி அச்சாகி வந்தது. இரண்டிலும் ஸ்டாம்ப் விழுந்தது. ஒன்றை அந்தப் பெண் மடித்துக்கொண்டு போனார். மற்றது மேசையில் கிடந்தது. அதன்பிறகு அன்றைக்குப் போர்டுக்காரர் எந்தக் கருவியையும் கையில் எடுக்கவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பெரியவருக்குக் காய்ச்சல் பார்க்கப்போனால் வெப்பமானிக்குப் பேட்டரி தீர்ந்திருந்தது. கடை மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கும் என்று திறந்தேன். பேட்டரி இல்லை. வெள்ளி நிறப் பை ஒன்றில் ஒரு போர்டு இருந்தது. புது வகை. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். ஊசிகளின் ஒரு மூலை, மிதித்துவிட்டுப் போன புல்லைப்போலப் படுத்துக் கிடந்தது.

"அந்த டிராயரை யாரு தொறக்கச் சொன்னா?" போர்டுக்காரர் பின்னால் நின்றிருந்தார்.

"பேட்டரி தேடினேன்."

"அப்பாவைப் பாக்கத்தான் உங்களை வச்சிருக்கு."

"ஆமா. அவரைப் பாத்தது போக மிச்ச நேரத்துல உங்களையும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பாதிக் குவளை காப்பி. ரப்பர் ஸ்டாம்ப். பட்டன் இல்லாத சட்டை. என் துண்டு."

அவர் முகம் சிவந்தது. கத்தப்போகிறார் என்று நினைத்தேன்; வேலையைவிட்டு நிறுத்தினாலும் ஆச்சரியமில்லை. திரைச்சீலையை ஒரு தடவை பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்பாவுக்கும் இப்படித்தானேம்மா ஆரம்பிச்சது?"

"ஆரம்பத்துல நான் இங்க இல்லை. டாக்டரும் இல்லை. கண்ணுக்குத் தெரியறதை மட்டும் காட்டுறேன், வாங்க."

மேசையில் கிடந்த பட்டியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மின்விசிறியை நிறுத்தினேன். பெரியவரின் வலது கை வழக்கம்போல மடியில் கிடந்தபடியே, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. "ஐயா, ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க" என்றேன். நீட்டினார். உள்ளங்கை கீழே பார்க்க, விரல்மேல் தாளைப் படுக்கவைத்தேன். தாள் அனேகமாக அசையவில்லை. பத்துவரை எண்ணிவிட்டு எடுத்தேன். கை மடிக்குத் திரும்பியதும் மறுபடி உருட்டத் தொடங்கியது.

"இப்ப நீங்க."

அப்பாவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்த மகனின் கைகள் மடியில் இருக்கும்வரை அசைவில்லாமல் இருந்தன. நீட்டச் சொல்லித் தாளை வைத்தேன். தாள் படபடத்தது.

பெரியவர் தாளையே பார்த்தார். பிறகு, "எத்தனை மாசமாடா?" என்றார்.

"ஆறு மாசம்பா."

"ராத்திரி சோறு ஊட்டுறதை நிறுத்தினது இதுக்குத்தானா? என்மேல என்னமோ கோவம்னு இல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன், மடையா."

மகன் தலையைத் தூக்கவில்லை. நான் தாளை எடுத்துக்கொண்டேன்.

"அவருக்குச் சும்மா இருந்தா ஆடுது, நீட்டினா அடங்குது. உங்களுக்குச் சும்மா இருந்தா அடங்குது, வேலைன்னு வந்தா ஆடுது. ரெண்டும் ஒரே மாதிரி இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என்னன்னு சொல்றவங்க ஆஸ்பத்திரியில உக்காந்திருக்காங்க. போய்க் காமிங்க."

"காமிச்சா தெரிஞ்சிடும்ல."

"காமிக்கலேன்னா நின்னுடுமா?"

மணி ஆறு ஆகப் பத்து நிமிடம் இருந்தது. எனக்கு ஆறு ஐந்துக்குப் பஸ்.

"டாக்டரை அடுத்த வாரம்கூடப் பாக்கலாம் தம்பி. நாளைக்கு ஒன்பது மணிக்கு வர்றவங்களுக்கு என்ன சொல்லப்போறீங்க? உங்களுக்காக நான் ஒரு பொய் சொல்லிட்டேன். இன்னொண்ணு சொல்ல மாட்டேன்."

"கை ஆடுதுன்னு தெரிஞ்சா யாரும்மா இங்க வருவா? நாலு நாள்ல ஊரெல்லாம் சொல்லிடுவாங்க."

"இப்ப மட்டும் உங்க கையைப் பாத்தா வர்றாங்க? ஸ்க்ரூ முடுக்க ஆயிரம் பேரு இருக்காங்க."

தாளை மேசையில் வைத்தேன். துண்டையும் எடுத்துக்கொண்டேன். பெரியவரின் குதிகாலுக்கு அடியில் அதைக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மகன் இன்னும் அந்த நாற்காலியிலேயே இருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனபோது முன்னறையில் ஆளில்லை. மேசை துடைத்துக் கிடந்தது. "ஆறரைக்கே பொண்டாட்டியோட கிளம்பிட்டான்" என்றார் பெரியவர். "எங்கன்னு சொல்லலை. ராத்திரி வந்து ஊட்டிவிட்டான். பாதிச் சோறு சட்டையில." எனக்கு எரிச்சலாக இருந்தது. சொல்ல முடியாமல் ஓடிப்போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எட்டரை ஆயிற்று. பெரியவருக்குப் பல் துலக்கி, முகம் சவரம் செய்து முடித்தேன். எட்டே முக்காலும் ஆயிற்று.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தார், கக்கத்தில் ஒரு பெட்டியோடு. மொத்த விற்பனைக் கடை எட்டு மணிக்குத்தான் திறக்குமாம். பெட்டியை மேசையில் வைத்து, பேனாவை எடுத்து, மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு பட்டியலில் எதையோ எழுதினார். எழுத நேரம் பிடித்தது. அதற்குள் வாசலில் வேலைச் செருப்பின் சத்தம் கேட்டது.

கிரேன் ஓட்டும் பெண் உட்கார்ந்து தாளை வாங்கிப் பார்த்தார். அச்சடித்த வரிகளில் ஒன்று அடிக்கப்பட்டிருந்தது. அடித்த கோடே நேராக இல்லை. அதன்மேல் புது வகைப் போர்டின் பெயர், ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கமாக.

"என்னண்ணே, மாத்திட்டீங்க? சூடு, மெமரின்னு சொன்னீங்க?"

"நேத்து சொன்ன காரணம் மூணும் பொய்ம்மா."

எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேசைக்கு மேல் அந்தப் பெண்ணை நோக்கி நீட்டினார்.

"அந்தத் தாளை என் விரல்மேல வைங்க."

அந்தப் பெண் வைத்தார். தாள் படபடத்தது. அவர் தாளைப் பார்த்தார், சீல் உடைக்காத பெட்டியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். காற்றில் ஆடும் கன்டெய்னரின் ஆட்டம் எவ்வளவு என்று மேலேயிருந்து கணக்குப் போடுகிறவர்போல இருந்தது அந்தப் பார்வை. நான் திரைக்குப் பக்கத்தில் சவரக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

"போர்டு இதுதான் சரின்னு இப்ப சொல்றீங்க?"

"இதுதான் சரி. ஏழெட்டு வருஷத்துக்கு இதுதான்."

"அப்ப, சிப்பை யாருண்ணே எறக்குறது?"

போர்டுக்காரர் தாளை எடுத்து ஓரமாக வைத்தார். மேசையில் ஒட்டியிருந்த நாடாவை நகத்தால் கிளப்பி உரித்தெடுத்தார். விளக்கின் கழுத்தைப் பிடித்து, வெளிச்சத்தை அந்தப் பெண்ணின் கைப்பக்கம் திருப்பினார்.